சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம்

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் காணிப்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் வரசித்தி விநாயகர் கோயில் அவ்வூரில்தான் உள்ளது. கிணற்றில் தோன்றிய அந்தப் பிள்ளையாரின் முன்னிலையில் பொய்ச் சத்தியம் செய்தவர் தப்ப முடியாது என்பது சுற்று வட்டார மக்களின் நம்பிக்கை. வாங்கிய கடன், காணாமற்போன நகை, அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு என எத்தனையோ வழக்குகள், குளத்தில் மூழ்கி எழுந்து ஈர உடையோடு செய்யும் ஒரு சத்தியத்தில் முடிந்துவிடுகின்றன. குடியை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்ய வருவோரும் உண்டு.

அதே கோயிலின் வாசலுக்கு வண்டிகளும் பூசைக்கு வரும். மாலை சூட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு சக்கரங்களின் அடியிலும் தலா ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வண்டி முன்னே நகர்ந்து பழங்கள் நசுங்கினால் கண்ணேறு கழிந்தது என்று பொருள்.

2009ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் அங்கு வந்து நின்ற வெள்ளை நிற மாருதி 800 புதியதன்று. அதற்குப் பத்து வயது. தமிழ்நாட்டுப் பதிவெண்ணைத் தாங்கியிருந்தது. முன்பக்கக் கதவில் வேறொரு வெள்ளை தெரிந்தது. எப்போதோ அடிபட்டு மீண்டும் வண்ணம் பூசியிருக்கிறார்கள். அர்ச்சகர் அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "கொத்த பண்டியா?" என்று கேட்டார். புது வண்டியா என்பது அதன் பொருள். பின்னிருக்கையிலிருந்து மெல்ல இறங்கிய பாட்டி தமிழிலேயே விடை சொன்னார்: "எங்களுக்குப் புதியதுதான், சாமி."

அந்தக் குடும்பம் குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சித்தூருக்கு வந்தது. தந்தைக்கு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் கணக்கர் வேலை. வீட்டில் தாய், பாட்டி, இரண்டு மகள்கள். மூத்தவள் அப்போது ஆறாம் வகுப்பு. பாட்டியின் கண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருப்பதியில் மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது. பேருந்தில் ஏறி இறங்க அவரால் முடியவில்லை. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு 70 கிலோமீட்டர் போவதற்கு ஸ்கூட்டர் உதவாது. புதிய வண்டி வாங்கப் பணம் இல்லை. ஆகவே வேலூரில் 62,000 ரூபாய்க்குப் பழைய வண்டி ஒன்று வாங்கப்பட்டது.

இத்தகைய குடும்பம் கார் ஒன்றை நினைத்துப் பார்க்க முடிந்ததே அந்தச் சிறிய வண்டியால்தான். அதற்கு முன்பு நம் நாட்டுச் சாலைகளில் பெரும்பாலும் அம்பாசடரும் பத்மினியும்தாம் ஓடின. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் சிலரிடம் இருந்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி, ஹர்பால் சிங் என்பவரிடம் வழங்கினார். விலை சுமார் 50,000 ரூபாய். மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் கொண்ட சிறிய எஞ்சின், குறைந்த எரிபொருள், தெருமுனை மெக்கானிக்கே பிரித்துப் பூட்டக்கூடிய எளிய அமைப்பு. இந்தியாவில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. முதலில் வாங்கியவர்கள் வசதி பெருகிப் பெரிய வண்டிக்கு மாறியபோது, பழையது அடுத்தவர் கைக்குப் போயிற்று, அவரிடமிருந்து இன்னொருவருக்கு. வேலூரில் வாங்கிய வண்டிக்கு இவர்கள் மூன்றாவது உரிமையாளர்கள்.

ஊர் மாறிய வண்டிக்கு எழுத்து வேலைகளும் இருந்தன. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் தங்கினால் அங்கே புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். முதலில் பழைய ஊரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆட்சேபணையில்லாச் சான்று பெற வேண்டும். பிறகு புதிய ஊரில் வரி கட்டிப் புதிய எண் வாங்க வேண்டும். "பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்குவதைப் போலவா, அப்பா?" என்று மூத்த மகள் கேட்டாள். ஏறக்குறைய அப்படித்தான். டி.என். 23 என்று தொடங்கிய எண்ணைக் கழற்றிவிட்டு ஏ.பி. 03 என்று தொடங்கும் பலகையை மாட்டிய அன்று, பழைய பலகையைத் தூக்கி எறிய வேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். அது நெடுநாள் சமையலறைப் பரணில் கிடந்தது. சித்தூரே ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்து, 1911இல் தனி மாவட்டமாகி, 1953இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போன ஊர்தான். ஆட்களும் வண்டிகளும் மட்டும்தாம் மாநிலம் மாறுகின்றன என்று சொல்வதற்கில்லை.

முதல் பயணத்திலேயே வண்டி தன் குணத்தைக் காட்டிவிட்டது. சித்தூர்க் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும்போது அதைப் போல் நல்ல வண்டி கிடையாது. பூதலப்பட்டைத் தாண்டி அரைமணி நேரம் ஓடினால் வெப்பமானியின் முள் மெல்ல மேலேறும். தாமல்செருவு வருவதற்குள் முகப்பிலிருந்து ஆவி எழும். மாம்பழப் பருவத்தில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் அந்த ஊரில், சாலையோரப் புளிய மரத்தடி ஒன்று இக்குடும்பத்துக்கு வழக்கமான தங்குமிடமாயிற்று. "நீள்ளு போயண்டி" என்று எதிர்ப்படுவோர் எல்லாரும் அறிவுரை கூறுவார்கள். நீர் ஊற்றுங்கள் என்கிறார்கள். ஆனால் கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறக்கக் கூடாது. மூடிய கலத்துக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 பாகையைத் தாண்டியும் ஆவியாகாமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் பீறிட்டு முகத்தில் அடிக்கும். எனவே காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் 40 நிமிடம்.

திருமலைக்கு ஏறிய நாள்தான் யாராலும் மறக்க முடியாதது. திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள். 1944இல் திறக்கப்பட்ட முதற்பாதை இப்போது இறங்குவதற்கும், 1970களில் அமைந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. வண்டிகள் மிகை வேகத்தில் ஏறாதிருக்க, அலிபிரிச் சோதனைச் சாவடியில் நேரம் குறித்த சீட்டு தருவார்கள். 28 நிமிடத்துக்கு முன்னதாக மேலே போய்ச் சேர்ந்தால் அபராதம். இவர்கள் போய்ச் சேர 1 மணி 50 நிமிடம் ஆயிற்று. தாமதமாக வந்தவர்களுக்கு ஏன் அபராதம் இல்லை என்று இளைய மகள் கேட்டாள். அவளுக்கு யாரும் விடை சொல்லவில்லை. வழியில் நான்குமுறை நின்ற வண்டிக்குத் தண்ணீர் கொடுத்தவர்களில் மொட்டையடித்துத் திரும்பும் திருச்சிக் குடும்பம் ஒன்றும் இருந்தது. தாய்க்கு அவர்களிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தது மட்டும்தான் அந்த நாளின் மகிழ்ச்சி.

சித்தூர் மெக்கானிக் வண்டியின் நோயைக் கண்டுபிடிக்க ஓர் ஆண்டு பிடித்தது. முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்தார். பிறகு விசிறியை மாற்றினார். பிறகு தண்ணீர்ப் பம்பை. கடைசியாக ஒரு காலையில், எஞ்சின் குளிர்ந்திருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னார். "உள்ளே பாருங்கள், சார்." நீரில் சின்னஞ்சிறு குமிழிகள் இடைவிடாமல் எழுந்துகொண்டிருந்தன.

எஞ்சினின் அடிப்பகுதிக்கும் அதன் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் இடையே மெல்லிய தகடு ஒன்று உண்டு. கேஸ்கெட் என்பார்கள். உள்ளே எரியும் நெருப்பு, சுற்றி ஓடும் நீர், உராய்வைக் குறைக்கும் எண்ணெய் ஆகிய மூன்றையும் கலக்கவிடாமல் பிரித்து வைப்பது அதுதான். முன்பு எப்போதோ தண்ணீர் இல்லாமலே வண்டியை ஓட்டிச் சூடேற்றியதில் ஹெட் வளைந்திருந்தது. அதைத் தேய்த்துச் சமன்செய்து, பசை தடவி மூடியிருக்கிறார்கள். குறுகிய ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. நெடுந்தொலைவு போனால் எரிந்த வாயு நீருக்குள் கசிந்து, நீரை வெளியே தள்ளிவிடும். வண்டியைச் செய்தவர்கள்மேல் பழி இல்லை; வைத்திருந்தவரின் கவனக்குறைவு அது. "விற்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது" என்றார் மெக்கானிக். "ஒரு குறையும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று வேலூர்க்காரர் சொன்னதும், தெருவைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டியதும் தந்தையின் நினைவுக்கு வந்தன.

அமெரிக்கப் பேச்சு வழக்கில், வாங்கிய பின்பு தொல்லை கொடுக்கும் வண்டிக்கு எலுமிச்சை என்றே பெயர். நாம் சக்கரத்தின் அடியில் வைப்பதை அவர்கள் வண்டியின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஜார்ஜ் அக்கர்லோஃப் என்னும் பொருளியலறிஞர் 1970இல் இந்த எலுமிச்சைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் சொன்னதை எளிதாக இப்படி விளக்கலாம். சந்தையில் 80,000 ரூபாய் பெறும் நல்ல வண்டிகளும் 40,000 ரூபாய் மட்டுமே பெறும் மோசமான வண்டிகளும் கலந்து நிற்கின்றன. எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அவர் அஞ்சி அஞ்சி நடுவிலையாக 60,000 தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமின்றி வீட்டுக்குத் திரும்புவார். மோசமான வண்டிக்காரர் மகிழ்ச்சியோடு விற்பார். மெல்ல மெல்லச் சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும். இக்கட்டுரையை முதலில் மூன்று இதழ்கள் ஏற்க மறுத்தன. பிறகு 2001இல் அவர் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசெல்லாம் கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்பே காணிப்பாக்கத்துக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிய வழியில்லாதபோதுதானே சத்தியம் கேட்கிறார்கள்?

தந்தை அந்த வண்டியோடு ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தார். இரண்டுமுறை கேஸ்கெட் மாற்றியும் ஒவ்வொரு கோடையிலும் அது மீண்டும் கசிந்தது. வளைந்த ஹெட்டை இனித் தேய்க்க முடியாது, புதியது போட வேண்டும் என்றார் மெக்கானிக். அதற்கான பணம் ஒவ்வோர் ஆண்டும் வேறு எதற்கோ போயிற்று. பின்பெட்டியில் தண்ணீர்க் குடுவைகள் நான்கு நிரந்தரமாக இருந்தன. கணக்கர் அல்லவா? வண்டிக்கென ஒரு குறிப்பேடும் வைத்திருந்தார். "12-05-2011. பூதலப்பட்டு தாண்டிப் படுத்துவிட்டது. தண்ணீர் 3 லிட்டர். 40 நிமிடம்." என்ற வகையில் ஒவ்வொரு நிற்றலும், ஒவ்வொரு செலவும் அதில் ஏறின. மொத்தச் செலவு 41,350 ரூபாய். அதே வண்டியில்தான் பாட்டி தவறாமல் திருப்பதி போய்வந்தார் என்பதையும், ஒரு நள்ளிரவில் இளைய மகளைக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தது அதுதான் என்பதையும் செலவுக் கணக்கில் எழுத இடமில்லை.

2014 ஜனவரி 18 அன்று மாருதி 800இன் உற்பத்தி நின்றது. செய்தித்தாளில் அதைப் படித்த தந்தை, வண்டியின் 15 ஆண்டுப் பதிவும் அவ்வாண்டே முடிவதை எண்ணி விற்றுவிட முடிவு செய்தார். மூத்த மகளைப் பதினோராம் வகுப்பில் சேர்க்கவும் பணம் வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் பாக்காலா பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பால் சேகரிக்கும் வேலை. மனைவிக்கு ஏழாம் மாதம். பேறுகாலத்துக்குத் திருப்பதி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றார். வண்டியைத் தெருவைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. 48,000 ரூபாய்க்குப் பேசி, 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். குறை ஏதும் உண்டா என்று அவர் கேட்கவில்லை. தந்தையும் சொல்லவில்லை.

அன்றிரவு அந்த வீட்டில் உணவு இறங்கவில்லை. "குளிர்ந்த எஞ்சினில் காட்டிக் கொடுத்துவிடுங்கள், சார். உங்களுக்கும் அப்படித்தானே விற்றார்கள்" என்று மெக்கானிக் சொன்னதைத் தந்தை எடுத்துச் சொன்னார். "நமக்கு யார் சொன்னார்கள்?" என்று தாயும் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்விக் கட்டணத்துக்கென அந்த 48,000 ரூபாயை அவர் ஏற்கெனவே மனத்துக்குள் பிரித்து வைத்திருந்தார்.

நெடுநேரம் கழித்துத் தந்தை ஒரு வழி கண்டார். "குறிப்பேட்டை அவரிடமே கொடுத்துவிடுகிறேன். எல்லாம் அதில் இருக்கிறது. நான் எதையும் மறைத்ததாக ஆகாது."

மூத்த மகள் பாடப்புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தாள். "அப்பா, அது தமிழில் இருக்கிறதே. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

யாரும் பேசவில்லை. கட்டிலில் படுத்திருந்த பாட்டி மட்டும், சுவரைப் பார்த்தபடியே, "அது தெரிந்துதானடா கொடுக்கிறேன் என்கிறாய்?" என்றார்.

மறுநாள் மாலை மகள் புதிய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளியில் அவளுடைய பேச்செல்லாம் தெலுங்குதான். தமிழ் எழுத்துகளை அவளுக்குப் பாட்டிதான் அரிசியில் விரல் பிடித்துக் கற்றுக்கொடுத்திருந்தார். தந்தையின் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தெலுங்கில் எழுதினாள். கேஸ்கெட்டும் ரேடியேட்டரும் இரு மொழியிலும் ஒன்றே, தொல்லை இல்லை. குமிழிக்குச் சொல் தெரியாமல் மெக்கானிக்கிடம் கேட்டு வந்தாள், புடக என்றார். "படுத்துவிட்டது" என்று தந்தை எழுதியதை அப்படியே மாற்றினால் வண்டி தூங்கிவிட்டதாகிவிடும். "ஆகிப்போயிந்தி" என்று எழுதினாள். நின்றுவிட்டது என்பது அதன் பொருள். அதைக் கேட்ட பாட்டிக்கோ கதை முடிந்துபோயிற்று என்று காதில் விழுந்து சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் அவ்வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். மூன்று மாலைகளில் 11 பக்கங்கள் நிரம்பின.

ஞாயிற்றுக்கிழமை காலை இளைஞர் மீதிப் பணத்தோடு வந்தார். தந்தை வண்டியின் முகப்பைத் திறந்து, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கிளப்பிக் குமிழிகளைக் காட்டினார். பிறகு தெலுங்கு நோட்டைக் கையில் கொடுத்தார். இளைஞர் நின்றபடியே 11 பக்கங்களையும் படித்தார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். முன்பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார். தாய் உள்ளே சென்றார். சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட உரக்க ஒலித்தன.

அதன் பிறகு இருவர் வந்தனர். குமிழிகளைப் பார்த்ததும் கிளம்பிவிட்டனர். அவர்களில் ஒருவர், விற்கத் தெரியாதவர் ஏன் விற்க வருகிறார் என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரத்தில் அந்த இளைஞரே பாக்காலா மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார். இடையில் வேறு நான்கு வண்டிகளைப் பார்த்தாராம். எல்லாவற்றிலும் ஒரு குறையும் இல்லை என்றே சொன்னார்களாம். "இதில் என்ன குறை என்றாவது தெரியும், அண்ணா" என்றார். புதிய ஹெட் போடும் செலவைக் கழித்துக்கொண்டு 30,000 என்றார். தந்தை 33,000 என்றார். 31,000 ரூபாயில் முடிந்தது. குறைந்த 17,000 ரூபாய்க்குத் தந்தை தம் சீட்டைத் தள்ளி எடுத்தார். அதில் ஏற்பட்ட இழப்பை மாதந்தோறும் கட்டி முடிக்க அடுத்த ஆண்டு வரை ஆயிற்று.

உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்திட்ட பின்பு, பாட்டி நான்கு எலுமிச்சம்பழங்களைக் கொடுத்தனுப்பினார். இளைஞர் தாமே குனிந்து அவற்றைச் சக்கரங்களின் அடியில் வைத்தார். தெலுங்கு நோட்டு முன்கண்ணாடியின் அடியில் கிடந்தது. முதல் திருகலில் வண்டி கிளம்பவில்லை. இரண்டாவதில் கிளம்பியது.

அந்த ஆண்டின் கடைசியில் ஒருநாள் தொலைபேசி ஒலித்தது. இளைஞர்தான். புதிய ஹெட் போட்டாயிற்று. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. முடியிறக்கக் குடும்பத்தோடு திருமலைக்குப் போயிருந்தார்களாம். மேலே சீட்டைப் பார்த்தவர்கள், 26 நிமிடத்தில் வந்துவிட்டதாகச் சொல்லி அபராதம் விதித்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இல்லை.

தந்தை அலமாரியிலிருந்து பழைய தமிழ்க் குறிப்பேட்டை எடுத்து, கடைசிப் பதிவுக்குக் கீழே தேதியிட்டு, "திருமலை. 26 நிமிடம்." என்று எழுதினார். செய்தியைக் கேட்ட பாட்டி கடிந்துகொண்டார்: "கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அத்தனை வேகம் எதற்காம்?"